யாரும் கேட்காத சத்தியம்

சுலோசனா பேசிக்கொண்டிருந்தால் யாரும் பயப்பட வேண்டியதில்லை. பேச்சை நிறுத்தினால் யாரோ மாட்டிக்கொள்ளப் போகிறார்கள். இதைத் தெரிந்துகொள்ள லோகேஸ்வரனுக்கு ஆறு வருடம் பிடித்தது.

பதினெட்டு வருடம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் அவன். வாய் நின்றால் பஸ்ஸும் நின்றுவிடும் என்று நம்புகிற தொழில். திருப்பதியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்த அந்த ஒற்றை அறைத் துப்பறியும் அலுவலகத்துக்கு உதவியாளனாக வந்தபோது அவனை முதலில் வாட்டியது முதலாளியம்மாளின் மௌனம். சம்பளம் அதற்கு அப்புறம்தான் வாட்டியது. சுலோசனா அதற்கு முன் இருபது வருடம் கல்யாணத் தகவல் மையம் நடத்தியவர். பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லை என்று சொல்லும்போது அவன் தாய் எந்தப் பக்கம் பார்ப்பாள் என்பதில் தொடங்கி, பொய்யின் எல்லா நடையும் அவருக்கு அத்துப்படி.

அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்த காஞ்சனாவைப் பார்த்ததும், மகளுக்கு வரன் விசாரிக்க வந்தவள் என்று நினைத்து லோகேஸ்வரன் அதற்கான நோட்டை எடுத்தான். சுலோசனா அவளுடைய உள்ளங்கையைப் பார்த்தார்.

"லாரியில கயிறு கட்றது நீதானாம்மா?"

காஞ்சனா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "ரெண்டு வருசமா நான்தான் மேடம் கிளீனர். தனியா ஆள் வெச்சிக்கினா வர்ற வாடகை அவனுக்கே சரியாப் பூடுது."

லோகேஸ்வரன் நோட்டை மூடி வைத்தான்.

அவள் சொன்ன கதை இதுதான். கணவன் செங்கல்வராயன் நகரிப் பக்கத்துக்காரன். சொந்தமாக ஒரே ஒரு லாரி. சித்தூர் லாரி ஸ்டாண்டில் அவனைப் போலவே தனக்கொரு வண்டி வைத்துத் தானே ஓட்டுகிறவர்கள் மொத்தம் இருபத்துமூன்று பேர். ஸ்டாண்டில் ஒரு கரும்பலகை உண்டு. அதில் இருக்கிற வரிசைப்படிதான் யாருக்கும் லோடு. மாம்பழ சீசனில் பழக்கூழ் பேரல்களை ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோவதுதான் வருடத்துக்கே அவர்களுக்குச் சோறு. லோடு பேசிக் கொடுப்பவர் திருப்பதி புரோக்கர் விஜயராகவன். டன்னுக்கு ஆயிரத்து நூறாக இருந்த வாடகையை இந்த சீசனில் அவர் எழுநூற்றைம்பதாக இறக்கிவிட்டார். டீசல் போட்டு, சுங்கம் கட்டினால் டிரைவருக்கு மிஞ்சுவது ஸ்டீயரிங் மட்டும்தான். அதனால் இருபத்துமூன்று பேரும் கூடி, பழைய வாடகை வரும்வரை ஒரு வண்டியும் கூழ் ஏற்றாது என்று முடிவெடுத்தார்கள். இன்று பதினோராவது நாள்.

நேற்று மாலை அவர்களுடைய வாட்ஸப் குழுவில் ஒரு போட்டோ வந்தது. லோடு ஏற்றி, தார்பாய் போட்டுக் கட்டிய செங்கல்வராயனின் லாரி சந்திரகிரி அருகே போய்க்கொண்டிருக்கிறது. பின்புறத்து நம்பர் பளிச்சென்று தெரிகிறது. செவ்வாய்க்கிழமை எடுத்தது என்று அதன் கீழே எழுதியிருந்தது. இன்று நான்கு மணிக்குக் கூட்டம். கரும்பலகையிலிருந்து அவன் நம்பரை அழித்துவிடப் போகிறார்கள்.

"அழிச்சிட்டா சித்தூர்ல ஒருத்தனும் லோடு தர மாட்டான் மேடம். வண்டிய இரும்பு வெலைக்குத்தான் போடணும்." செவ்வாய்க்கிழமை லாரி மெக்கானிக் ஷெட்டில் இருந்தது, தானும் கணவனும் வீட்டில் இருந்தோம், போட்டோ பழையதாக இருக்கும் என்றாள். சொல்லும்போது சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

சுலோசனா போட்டோவை விரலால் பெரிதாக்கினார். பிறகு பேச்சை நிறுத்தினார்.

இரண்டு நிமிடம் பொறுத்த லோகேஸ்வரன் மெல்ல எட்டிப் பார்த்தான். "நல்ல போட்டோ மேடம். பொண்ணு வீட்டுக்கே அனுப்பலாம். கலர், உயரம் எல்லாம் தெரியுது."

"உயரம்தான் தெரியுது," என்றார் சுலோசனா. "இதை குரூப்ல போட்டது யாரு?"

சங்கத்தின் செயலாளர் வேங்கடாசலம் என்றாள் காஞ்சனா. காரில் போன நண்பர் ஒருவர் எடுத்து அனுப்பியதாகச் சொன்னாராம்.

சுலோசனா போனை லோகேஸ்வரனிடம் நீட்டினார். தார்பாயின் மேல்பக்கம் தெரிந்தது. அதன் நடுவே குழிந்த இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. காரில் உட்கார்ந்தவன் கண்ணுக்கு லாரியின் சக்கரமும் சேறும் தெரியும். தார்பாய்க்கு மேலே நிற்கிற தண்ணீர் தெரிய வேண்டுமானால் அவன் கார் கூரைமேல் ஏறி நின்றிருக்க வேண்டும். போட்டோவின் அடி ஓரத்தில் மஞ்சளாக ஏதோ மங்கலாக இருந்தது.

"எடுத்தவன் இன்னொரு லாரியில இருந்திருக்கான்," என்றான் லோகேஸ்வரன். கண்டுபிடித்தது தானே என்பதுபோல அதைச் சொன்னான். சுலோசனா ஆட்சேபிக்கவில்லை. சாவியை எடுத்து அவன் மேசைமேல் வைத்தார்.

*

சுலோசனாவின் பழைய மாருதி மேடு ஏறும்போது முனகும், இறங்கும்போது பாடும். லோகேஸ்வரன் ஓட்டினான். காஞ்சனா பின்னால் இருந்தாள். போட்டோ எடுக்கப்பட்ட இடம் சந்திரகிரி தாண்டியதும் வருகிற வளைவு. அந்த வளைவில்தான் சந்திரம்மாவின் டீக்கடை.

அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. வளைவுக்கு அப்பால் வரும்போதே லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். ஒரு ஹாரன் என்றால் ஒரு டீ. இரண்டு என்றால் இரண்டு. வண்டி வந்து நிற்பதற்குள் சந்திரம்மா ஊற்றி வைத்திருப்பாள். எஞ்சினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் பண்ணுகிற டீசல் மிச்சம். வாடகை குறையக் குறைய இந்த மாதிரி மிச்சங்கள் அவர்களிடம் நிறைய முளைத்திருந்தன.

லோகேஸ்வரன் மாருதியின் ஹாரனை மூன்று முறை அழுத்தினான். அது கொசு மாதிரி கத்தியது. சந்திரம்மா எட்டிப் பார்த்து, இது யார் வீட்டுச் சைக்கிள் என்று கேட்டாள்.

காஞ்சனா காரைவிட்டு இறங்கவில்லை. ஆனாலும் சந்திரம்மாவின் கண்ணுக்குத் தப்ப முடியவில்லை. டீயை வைத்துவிட்டு உள்ளே போனவள், ஒரு எவர்சில்வர் மூடியோடு வந்து கார் ஜன்னலுக்குள் நீட்டினாள்.

"இந்தா காஞ்சனா. செவ்வாக்கெழம சோத்து டப்பா மூடிய வுட்டுட்டுப் பூட்ட. வண்டியக் கொண்டும்போய் அந்தப் புளியமரத்தாண்ட நிறுத்திட்டு, ரெண்டு பேரும் நடந்து வர்றீங்க. ஹாரன் ரிப்பேரா?"

காஞ்சனா மூடியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கடைசியில் லோகேஸ்வரன்தான் பேசினான்; அவனால் முடிந்தவரை பொறுத்திருந்தான்.

"மேடம், கேஸ் முடிஞ்சுபோச்சு. குற்றவாளி நம்ம பின் சீட்ல இருக்கு. திருப்பதிக்குத் திரும்பினா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிடலாம்."

சுலோசனா பின் சீட்டில் போய்க் காஞ்சனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டவில்லை. பொய் சொல்லி மாட்டிக்கொள்கிற மணப்பெண் வீட்டு அத்தைகளோடு இருபது வருடம் பழகியவர். பக்கத்தில் உட்கார்ந்து சும்மா இருந்தாலே போதும் என்பது அவருக்குத் தெரியும்.

காஞ்சனா மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். மூன்று மாத டாக்ஸ் கட்டக் கடைசித் தேதி வந்துவிட்டது. அதைக் கட்டாவிட்டால் வாடகை ஏறினாலும் வண்டியை எடுக்க முடியாது. அந்த நேரம் பார்த்து விஜயராகவன் போன் பண்ணினார். ஒரே ஒரு லோடு என்றார். கணவன் வேண்டாம் என்றுதான் சொன்னான். அவள்தான் போகலாம் என்றாள்.

"அவுரு இன்னா சொன்னாருன்னா மேடம்… 'உங்களுக்கு மட்டும்தான் சொல்றேன், வேற யாருக்கும் தெரிய வேணாம்'னாரு. எங்க மேல அவ்ளோ நம்பிக்கன்னு நெனச்சிக்கினோம்."

சுலோசனா ஜன்னல் வழியே சாலையைப் பார்த்தார். பிறகு இறங்கிப்போய்ச் சந்திரம்மாவிடம் வியாபாரம் எப்படி என்று விசாரித்தார்.

"எங்க மேடம். இந்தப் பதினோரு நாளா சித்தூரு வண்டி போய்க்கினுதான் கீது. ஹாரன் மட்டும் ஸ்ட்ரைக்கு."

காரைக் கிளப்பும்போது, திருப்பதிப் பக்கம் திருப்பவா என்று லோகேஸ்வரன் கேட்டான். சித்தூர் என்று ஒற்றைச் சொல் வந்தது. நம்ம கட்சிக்காரர் போனது நிஜம் என்று தெரிந்த பிறகும் எதற்கு என்றான். காணிப்பாக்கம் போகிற பிரிவு வந்ததும், வண்டியை மெதுவாக விடச் சொன்னார் சுலோசனா. சாமி கும்பிடப் போகிறோமா என்று லோகேஸ்வரன் ஆசையாகக் கேட்டான். பிரசாத லட்டு அவனுக்குப் பிடிக்கும். போகவில்லை. பிரிவில் இருந்த கோயில் அலங்கார வளைவையே பார்த்துக்கொண்டு வந்தவர், அது பின்னால் மறைந்ததும், "இது ஏன் இன்னும் வரலை," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

எது வரவில்லை என்று அடுத்த பத்து கிலோமீட்டரும் லோகேஸ்வரன் யோசித்தான். அவனுக்கு லட்டுதான் நினைவுக்கு வந்தது.

*

ஸ்டாண்டில் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு லாரியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் டாங்கர் வர வழி விட வேண்டுமாம். முப்பதடி நகர்த்துவதற்காக எஞ்சினைக் கிளப்ப யாருக்கும் மனம் வரவில்லை. லோகேஸ்வரனும் போய்த் தோள் கொடுத்தான். தள்ளி முடித்ததும், இதே வேகத்தில் துறைமுகம்வரை போய்விட்டால் டீசலே வேண்டாமே என்றான். ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதுபோல நின்றார்கள்.

செங்கல்வராயன் தன் லாரியின் கேபினில் உட்கார்ந்திருந்தான். மெலிந்த, நெடிய ஆள். மனைவி துப்பறிகிறவர்களோடு வந்து இறங்குவதைப் பார்த்தான். காஞ்சனா ஏறிப்போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். யார் என்ன சொன்னாலும் அந்த சீட் அவளுடையது என்பதுபோல.

சங்கத் தலைவர் ரங்கையா வெள்ளைச் சட்டையும் மூக்குக் கண்ணாடியுமாக வந்து மரியாதையாக வரவேற்றார். தெலுங்குக்காரர். தமிழ் பேசும்போதும் 'காரு', 'அண்டி' என்று தெலுங்கு மரியாதை சேர்த்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் குனிந்து வணங்கித்தான் அனுப்புவார். செங்கல்வராயன் நல்லவர் அண்டி, ஆனால் கட்டுப்பாடு என்று ஒன்று இருக்கிறதே என்று வருத்தப்பட்டார்.

சுலோசனா செயலாளர் வேங்கடாசலத்தின் லாரியைப் பார்க்க வேண்டும் என்றார். பார்த்ததும், அதில் ஏறி எதிரே இருக்கும் எதையாவது ஒரு போட்டோ எடுக்கும்படி லோகேஸ்வரனிடம் சொன்னார். அவன் ஏறினான். கண்ணாடிக்குக் கீழே நீளமாக ஒரு பிளாஸ்டிக் சாமந்தி மாலை கிடந்தது. எடுத்த போட்டோவின் அடி ஓரத்தில் மஞ்சளாக ஏதோ மங்கலாக விழுந்தது.

இரண்டு போட்டோக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். வேங்கடாசலம் குட்டையான, சுறுசுறுப்பான மனிதர். முதலில் வியர்த்தார். அடுத்த நொடி நெற்றியில் விபூதி பூசியவர்போல முகம் சாந்தமானது. ஆமாம், எடுத்தது நான்தான் என்றார். ராகு கேது பூஜைக்காகக் காளஹஸ்திக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன், வழியில் இந்தத் துரோகம் கண்ணில் பட்டது, முகத்துக்கு நேராக விரோதம் வேண்டாம் என்று நண்பர் மேல் போட்டேன் என்றார். ரங்கையா கரும்பலகையைக் காட்டினார். செவ்வாய்க்கிழமைக்கு நேரே வேங்கடாசலத்தின் நம்பரும், அதன் பக்கத்தில் 'காளஹஸ்தி பூஜை' என்று சுண்ணாம்புக்கட்டியில் எழுதியதும் இருந்தது. ஸ்டாண்டைவிட்டு வண்டியை வெளியே எடுத்தால் காரணம் எழுத வேண்டும் என்பது ஸ்ட்ரைக்கின் விதியாம்.

லோகேஸ்வரனின் முகம் தொங்கிப்போனது. சாமி பேரைச் சொன்னவனை என்ன செய்வது?

சுலோசனா கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் நின்றார். டீ வந்தது, ஆறியது. டிரைவர்களில் சிலர், இந்தம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று லோகேஸ்வரனிடம் ரகசியமாக விசாரித்தார்கள். அவருக்கு ஒன்றுமில்லை, உங்களில் யாருக்கோதான் என்றான் அவன்.

பிறகு அவன் காதருகே சுலோசனா கேட்டார். "முப்பதடி நகர்த்த டீசல் செலவாகும்னு பன்னெண்டு பேர் தள்ளினீங்களே. அந்த ஆளு காலி லாரியை ஓட்டிக்கிட்டுக் காளஹஸ்திக்குப் போவானா? பஸ் இல்லியா?"

லோகேஸ்வரனுக்கு நெற்றியில் யாரோ தட்டியது போல இருந்தது. பதினெட்டு வருடம் அந்தத் தடத்தில் டிக்கெட் கிழித்தவன் அவன். பூஜைக்குப் போகிறவர்கள் பஸ்ஸில் எப்படி வருவார்கள் என்பது அவனுக்குத் தெரியாதா? அதுவும் லாரிக்காரர்கள்; சீட்டில் உட்கார்ந்தபடி டிரைவருக்குப் பிரேக் போடச் சொல்லிக்கொடுப்பார்களே.

"அப்போ வேங்கடாசலமும் லோடு…"

"எண்ணு," என்றார் சுலோசனா.

அவன் கரும்பலகையை மேலிருந்து பார்த்தான். காளஹஸ்தி பூஜை. மெக்கானிக் ஷெட். சொந்தத்தில் கிரகப்பிரவேசம். மறுபடி காளஹஸ்தி. வண்டிக்கு எஃப்.சி. பரிசோதனை. மச்சான் வீட்டுக்கு நெல் மூட்டை. மறுபடி காளஹஸ்தி. ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்த விரல் பாதியில் நின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணினான். காரணம் எழுதாத நம்பர் ஒன்றுகூட இல்லை.

*

நான்கு மணிக்குத் தகரக் கொட்டகையில் கூட்டம் கூடியது. ரங்கையா ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றார். நம்பரை அழிக்க. அதற்கு முன்னால் ஒரு நிமிடம் பேச வெளியாளுக்கும் அனுமதி உண்டு என்றார்.

சுலோசனா எழுந்து, செங்கல்வராயன் லோடு ஏற்றிக்கொண்டு போனது உண்மைதான் என்றார். காஞ்சனா தலை குனிந்தாள். கொட்டகையில் சலசலப்பு. பிறகு எதற்கு வந்தீர்கள் என்று ஒருவர் கேட்டார்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இந்தச் சீமையில ஒரு ஆடு காணாமப் போனாலும், வரப்புல ஒரு அடி குறைஞ்சாலும், ரெண்டாவது வார்த்தையே காணிப்பாக்கம்தான். குளத்துல முழுகிட்டு ஈரத்துணியோட வந்து சாமி முன்னாடி சத்தியம் பண்ணுன்னு கூப்பிடுவீங்க. நேத்து சாயந்திரத்திலிருந்து இந்த மனுஷனைத் திட்டிக்கிட்டு இருக்கீங்க. குரூப்ல எரநூறு மெசேஜ். காஞ்சனா போன்ல எல்லாத்தையும் படிச்சேன். காணிப்பாக்கம் வாடான்னு ஒருத்தர் கூடச் சொல்லலை. ஏன்?"

தகரத்தின் மேல் ஒரு காக்கை நடக்கும் சத்தம் கேட்டது.

கோயில் பக்கத்தில்தான் இருக்கிறது, ஐந்து மணிக்கு பஸ் இருக்கிறது, இருபத்துமூன்று பேரும் போகலாம் என்று சுலோசனா தொடர்ந்தார். இந்தப் பதினோரு நாளில் குறைந்த வாடகைக்கு நான் கூழ் ஏற்றவில்லை என்று சத்தியம் பண்ணுகிறவர் திரும்பி வந்து தன் கையாலேயே அந்த நம்பரை அழிக்கட்டும்.

முன்வரிசையில் இருந்தவருக்கு முட்டி வலி என்று தெரியவந்தது. அடுத்தவருக்குப் பங்காளி வீட்டில் தீட்டு. ஒருவருக்குச் சளி, குளத்தில் முழுகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வேங்கடாசலம், ராகு கேது பூஜை பண்ணினால் நாற்பத்தெட்டு நாள் வேறு கோயிலில் சத்தியம் பண்ணக் கூடாது என்று ஒரு புது சாஸ்திரமே எழுதினார். லோகேஸ்வரன் விரலை மடக்கிக்கொண்டே வந்தான். கண்டக்டர் வேலையில் டிக்கெட் எடுக்காதவர்கள் இப்படித்தான் வரிசையாக ஜன்னல் பக்கம் பார்ப்பார்கள்.

அப்போது செங்கல்வராயன் எழுந்தான். அன்று அவன் பேசியது அதுதான் முதல் தடவை.

"நான் சத்தியம் பண்ணத் தேவையில்ல. போனேன். தப்புத்தான். அழிங்க அண்ணா."

ரங்கையாவின் கை உயரவில்லை. ஈரத்துணியிலிருந்து தண்ணீர் அவர் செருப்பின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மேசைமேல் இருந்த அவருடைய போன் அடித்தது. திரையில் எழுந்த பெயரை லோகேஸ்வரன் எட்டிப் படித்தான். விஜயராகவன். ரங்கையா அதை அவசரமாகக் கவிழ்த்து வைத்தார். சுலோசனா திருப்பி வைத்தார்.

"ஸ்பீக்கர்ல போடுங்க ரங்கையா காரு. தலைவர் இல்லியா, எல்லாருக்கும் கேக்கட்டும்."

இருபத்திரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரங்கையாவுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஸ்பீக்கரை அழுத்தினார். புரோக்கரின் குரல் வெண்ணெய் மாதிரி கொட்டகைக்குள் இறங்கியது.

"ரங்கையா காரு, பாகுன்னாரா? நல்லா இருக்கீங்களா? நாளைக்கு ஒரு லோடு இருக்கு. போன வெள்ளிக்கிழமை போனீங்களே, அதே ரேட்டு. உங்களுக்கு மட்டும்தான் சொல்றேன். வேற யாருக்கும் தெரிய வேணாம்."

இருபத்துமூன்று முகங்களிலும் ஒரே சமயத்தில் ஒரே மாற்றம் வந்தது. அந்த வாக்கியம் அவர்கள் ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். தனக்கு மட்டும் சொல்லப்பட்டது என்று நினைத்து, மனைவியிடம்கூடப் பாதியை மறைத்து, ராத்திரியெல்லாம் குற்ற உணர்ச்சியோடு புரண்டு படுத்தது அந்த வாக்கியத்தால்தான். ஒருவர் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். அவரும் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் சிரித்தது காஞ்சனா. வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. பிறகு முட்டி வலிக்காரர். பிறகு தீட்டுக்காரர். கடைசியாக, பெரிய மனசு பண்ணி, வேங்கடாசலமும்.

"ஹலோ, ஹலோ, அங்க என்ன சத்தம்?" என்றது போன்.

சுலோசனா போனைக் கையால் மூடிக்கொண்டார். "பதினோரு நாள்ல இருபத்திமூணு லோடு. எல்லாம் உங்க வண்டி. இந்த ரேட்டுக்கு வேலூர்லயிருந்து, நெல்லூர்லயிருந்து ஒரு வண்டியாவது வந்துச்சா? வரலை. அவருக்கு உங்களை விட்டா ஆளே கிடையாது. அதை உங்க ஒருத்தருக்கும் தெரியாம அவர் பாத்துக்கிட்டார்."

கையை எடுத்துவிட்டு, போனை ரங்கையாவின் பக்கம் நகர்த்தினார்.

ரங்கையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். நானும் போனேன் என்று முதலில் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். பிறகு போனிடம் குனிந்தார்.

"விஜயராகவன் காரு, உங்களுக்கு மட்டும்தான் சொல்றேன் அண்டி. ஒரு வண்டி வராது. வந்தா இருபத்திமூணும் வரும், சீரியல் பிரகாரம். ஆயிரத்து நூறு. முதல் வண்டி செங்கல்வராயனுது."

எதிர்முனை பேசாமல் இருந்தது. லோகேஸ்வரன் வாழ்க்கையில் எத்தனையோ மௌனங்களைச் சகித்திருக்கிறான். ரசித்தது இதைத்தான்.

யோசித்துச் சொல்கிறேன் என்று போன் அணைந்தது. அரைமணி கழித்து எண்ணூற்றைம்பது என்று வந்தது. ரங்கையா ஸ்பீக்கரிலேயே போட்டார். கொட்டகை மொத்தமும், வண்டி வராது, கிரகப்பிரவேசம், கிரகப்பிரவேசம் என்று கத்தியது. ஐந்தரை மணிக்கு ஆயிரம். ஆறுக்கு, பேரல்களை வெயிலில் வைக்க முடியாது, நாசமாய்ப் போங்கள், ஆயிரத்து எண்பது, அதற்கு மேல் ஒரு பைசா இல்லை என்றார் புரோக்கர். அந்த இருபது ரூபாயையும் விடக் கூடாது என்று வேங்கடாசலம் ஆரம்பித்தார். எல்லோரும் அவரைக் காளஹஸ்திக்கே போய் உட்காரச் சொல்லிவிட்டு ஆயிரத்து எண்பதுக்குச் சம்மதித்தார்கள்.

ரங்கையா ஈரத்துணியால் கரும்பலகையைத் துடைத்தார். நம்பர்களை விட்டுவிட்டுக் காரணங்களை மட்டும்.

*

லோடு ஏற்றுவதைப் பார்த்துவிட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு மாருதி சந்திரம்மாவின் கடைக்கு வந்து நின்றது. கேஸ் முடிந்தது பற்றி லோகேஸ்வரனுக்கு இன்னும் ஒரு மனக்குறை இருந்தது. குற்றவாளி இருபத்துமூன்று பேர், தண்டனை யாருக்கும் இல்லை, இதை ஃபைலில் எப்படி எழுதுவது என்று கேட்டான். சுலோசனா டீயை ஆற்றிக் குடித்தார். அவன் மறுபடி கேட்கத் தொடங்கியபோது, சித்தூர்ப் பக்கத்து வளைவுக்கு அப்பாலிருந்து ஹாரன் கேட்டது. ஒன்று. சிறிது இடைவெளி விட்டு இன்னொன்று.

சந்திரம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டு கிளாஸை எடுத்து வைத்தாள்.

செங்கல்வராயனின் லாரி நிறை சுமையோடு வளைவில் திரும்பி, புளியமரத்தைத் தாண்டி, கடைக்கு நேர் முன்னால் வந்து நின்றது. காஞ்சனா கேபினிலிருந்து கையை நீட்டினாள். கையில் எவர்சில்வர் டப்பா, மூடியோடு.

அதற்குப் பின்னால் வளைவுக்கு அப்பால் ஒரு ஹாரன். பிறகு வேறு குரலில் ஒன்று. பிறகு இன்னொன்று. சந்திரம்மா கிளாஸ்களை அடுக்கிக்கொண்டே வந்தாள். நான்காவதுக்குப் பாலை எட்டிப் பார்த்தாள். ஏழாவது ஹாரனுக்கு லோகேஸ்வரனை நிமிர்ந்து பார்த்தாள்.

"சைக்கிள்காரரே, சந்திரகிரி போய் ரெண்டு லிட்டர் பால் வாங்கியாந்துடேன். உங்க மேடம் இங்கயே ஒக்காந்துக்கினு இருக்கட்டும்."

லோகேஸ்வரன் சுலோசனாவைப் பார்த்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஹாரன்களை எண்ணிக்கொண்டிருந்தார். அவன் வாயைத் திறந்தான். பிறகு எதுவும் சொல்லாமல் கார் சாவியை எடுத்துக்கொண்டு போனான்.